பூசணிக்காய் டிப்பும் எங்கட ஊர் ஃபத்வாக்களும்



ஒரு பிள்ளை "என்ன சமைக்கலாம்?" என்று கேட்டாள். 57 பேர் அவளுக்கு மார்க்கம் படிப்பித்திருக்கிறார்கள். சமையல் சொன்னது 3 பேர்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் சாச்சியின் மகள் கல்யாணம் முடித்துக் கனடா போய் 14 மாதம். ஸ்காபுறோவில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு இரவு வேலை, கையில் சின்னப் பிள்ளை. இத்தனை மாதத்தில் அவளுடைய கதவை யாரும் தட்டியதில்லை. இந்தக் கிழமைதான் முதன்முதலாக எதிர்வீட்டு அம்மா ஒருவர் வந்து, "31ஆம் திகதி பின்னேரம் ஹலோவீனுக்கு வீதியில் மேசை போடுகிறோம். ஆளுக்கொரு சாப்பாடு கொண்டு வருகிறோம். இனிப்பு நிறைய இருக்கும், நீ தொட்டுச் சாப்பிடுகிற மாதிரி டிப் ஒன்று செய்து கொண்டு வா" என்று சொல்லியிருக்கிறார். இவள் சந்தோஷத்தில் எங்கட பெண்கள் வட்ஸ்அப் குழுவில் "ராத்தாமாரே, என்னத்தைச் செய்யலாம்?" என்று கேட்டுவிட்டாள். யாரோ ஒரு புண்ணியவாட்டி அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வெளியே விட்டிருக்கிறார். நேற்று இரவு முழுக்க அதுதான் ஊரில் பேச்சு. பேய்க்குப் படையல் போடுகிறாளாம். ஈமான் போய்விட்டதாம். ஒருவர் அவளுடைய வாப்பாவின் வளர்ப்பு வரைக்கும் போய்விட்டார்.

ஹலோவீன் என்றால் என்னவென்று தெரியாமல் நான் எழுதவில்லை. அயர்லாந்துப் பக்கத்துப் பழைய குளிர்கால ஆரம்பப் பண்டிகை அது. பிறகு நவம்பர் 1இல் வரும் கிறிஸ்தவப் புனிதர் திருநாளின் முதல் நாள் இரவாக மாறியது. அங்கே கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்காவுக்குக் குடியேறிய பின் பூசணிக்காயைக் குடைந்தார்கள். இன்றைக்குப் பெரும்பாலான வீதிகளில் அது பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்கும் நாள். இதைக் கொண்டாட வேண்டாம் என்று எங்கட உலமாக்கள் பலர் சொல்கிறார்கள். நானும் என் வீட்டில் கொண்டாடப் போவதில்லை. ஆனால் அவள் எலும்புக்கூட்டு வேஷம் போடட்டுமா என்று கேட்கவில்லையே! வாசலில் பூசணி விளக்கு வைக்கட்டுமா என்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டாருக்கு என்ன சமைத்துக் கொடுக்கலாம் என்றுதான் கேட்டாள். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர், எட்டாம் வகுப்புப் பிள்ளை விடைத்தாளில் இப்படி எழுதினால் என்ன புள்ளி போடுவார்?

"வேறொரு நாளைக்குக் கொடுக்கலாமே" என்று ஒரு சகோதரர் நிதானமாகக் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஊர்க் குளிரை யோசியுங்கள். நவம்பர் பிறந்தால் கதவுகள் மூடப்படும், மார்ச், ஏப்ரல் வரைக்கும் யாரும் முற்றத்தில் நின்று கதைக்க மாட்டார்கள். வீதி முழுக்க வெளியே வருகிற கடைசிப் பின்னேரம் இதுதான். அதையும் விட்டால் கைப்பிள்ளையோடு இன்னும் ஐந்து மாதம் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அப்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளையைப் பிடிக்க இந்த 57 பேரில் யார் போவது?

உண்மையில் அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய ஹலால், ஹறாம் நிறைய இருந்தது. அதை ஒருவரும் சொல்லவில்லை. டிப்புக்குப் பாவிக்கிற சவர் கிறீமில் சில கம்பனிகள் ஜெலட்டின் சேர்க்கும், லேபலை வாசிக்க வேண்டும். சீஸில் என்ன என்சைம் என்று பார்க்க வேண்டும். கோழி டிப் என்றால் கோழி எங்கே அறுத்தது என்று கேட்க வேண்டும். கனடாவில் 2016 முதல், லேபலில் ஹலால் என்று போட்டால் சான்றளித்த அமைப்பின் பெயரையும் போட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெயரைப் பார்த்து வாங்கலாம். மேசையில் பன்றி இறைச்சித் தூள் போட்ட டிப்பும் இருக்கும். தன்னுடைய கரண்டி அதற்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குக் கிடைக்கிற ஜவ்வு இனிப்புகளிலும் ஜெலட்டின்தான். மார்க்கத்தில் அக்கறை இருந்தவர்கள் இதையல்லவா எழுதியிருக்க வேண்டும்?

நான் அவளுக்குச் சொன்னதை இங்கேயும் போடுகிறேன். ஒரு கிலோ அளவு பூசணியை வெட்டி, ஒலிவ் எண்ணெயும் உப்பும் பிரட்டி, 200 பாகையில் ஓவனில் 40 நிமிடம் வை. ஓரம் கருகினால் பரவாயில்லை, அதுதான் ருசி. ஆறியதும் வெள்ளைப்பூண்டு இரண்டு பல், தஹீனி அரைக் கோப்பை, ஒரு தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் சீரகத்தூள் சேர்த்து மசி. லெபனான், சிரியா பக்கத்தில் பூசணியும் தஹீனியும் சேர்த்து இப்படிச் செய்து சாப்பிடுகிற வழக்கம் உண்டு. அதற்கு மேல் எங்கட கைவரிசை: கடுகு, கறிவேப்பிலை, இடித்த செத்தல் மிளகாயை எண்ணெயில் தாளித்துச் சுடச்சுட ஊற்று. ரொட்டியைக் கீலம் கீலமாக வெட்டி வை, கரட்டும் வை. தஹீனி எள்ளில் செய்வது. அங்கே எள் ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். அதனால் என்னென்ன போட்டாய் என்று ஒரு துண்டில் எழுதிப் பக்கத்தில் வை. இறைச்சி இல்லை, பால் இல்லை, ஜெலட்டின் இல்லை. இதில் பேய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் காட்டுங்கள்.

ஹதீஸ் கேட்டவர்களுக்கு: குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டி வைத்து அயலாரைக் கவனிக்கச் சொல்லி ரஸூலுல்லாஹ் (ஸல்) அபூதர் (ரழி) அவர்களுக்கு உபதேசித்தது முஸ்லிமில் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) வீட்டில் ஆடு அறுத்தபோது, "எங்கட யூத அயல்வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அயலவரின் மதத்தைப் பார்த்து அவர் தட்டை நிறுத்தவில்லை. தையற்காரர் ஒருவரின் விருந்தில் ரஸூலுல்லாஹ் விரும்பித் தேடிச் சாப்பிட்ட 'துப்பா'வைச் சிலர் பூசணி என்று மொழிபெயர்ப்பார்கள். பூசணி அமெரிக்காவிலிருந்து பிறகு வந்தது, எனவே அது சுரைக்காயாகத்தான் இருக்க வேண்டும். ரீச்சர் என்பதால் இதையும் திருத்தாமல் விட முடியவில்லை.

எனக்குக் கோபம் கனடாவைப் பற்றியது மட்டுமில்லை. எங்கட வளவுக்கும் பக்கத்துத் தமிழ் ஊருக்கும் நடுவில் ஒரு வீதிதான். தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கும் அதிரசமும் வரும், பெருநாளைக்கு இங்கிருந்து வட்டிலப்பம் போகும் என்று உம்மா சொல்லுவா. 1990இல் அது நின்றது. பிறகு மெல்ல மெல்லத் தொடங்கியது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு மறுபடி நின்றது. இந்த முறை அவர்கள் பயந்தார்கள், நாங்களும் பயந்தோம். 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராகக் கூச்சல் போட்டபோது, எங்கட சாப்பாடு யாருக்கும் எதிரானது இல்லை என்று நாடு முழுக்க விளங்கப்படுத்தியவர்கள் நாங்கள். இப்போது எங்கட பிள்ளை ஒருத்தி கோப்பையைத் தூக்கிக்கொண்டு அயலவரிடம் போகப் பார்க்கிறாள், நாங்களே படலையைச் சாத்துகிறோம். ஏழாம் வகுப்பில் என் பிள்ளை ஒன்று போன மாதம் கேட்டது: "ரீச்சர், அவங்கட வீட்டுச் சாப்பாட்டைத் தொட்டாலே பாவமா?" அதற்கு அதை யார் படிப்பித்தது?

அவள் டிப் செய்யப் போகிறாள். இன்று காலையில் பூசணி வாங்கிவிட்டதாகப் படம் அனுப்பியிருக்கிறாள். கீழே மீண்டும் "ஹறாம்" என்று எழுத வருகிறவர்கள், தங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற முஸ்லிம் அல்லாத வீட்டுக்குக் கடைசியாகச் சாப்பாடு கொடுத்தது எந்த வருடம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு மிச்சத்தை எழுதுங்கள். வருடம் இல்லாத கமெண்டை அழித்துவிடுவேன்.