எருக்குழி மேல் வீண்பழி

மனித மலத்தை மக்கவைத்து வயலுக்கு இடலாம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், "காலராவைக் கூப்பிட்டு வீட்டில் வைக்கப் போகிறீர்களா?" என்று மடக்கிவிடுகிறார்கள். சிலர் சாணி எருவைக்கூட விட்டுவைப்பதில்லை.

அழுகலிலிருந்து காலரா பிறப்பதில்லை. குடலில் அந்தக் கிருமியைச் சுமப்பவர் கழித்தால்தான் அது மலத்துக்கு வரும். சுமப்பவரே இல்லாத ஊரில் எத்தனை வண்டி மலத்தைக் குவித்தாலும் அது தானாக முளைக்காது.

மாட்டுக்குக் காலரா வருவதில்லை. அது மனிதர் நோய். மனிதக் குடலை விட்டால் அந்தக் கிருமிக்கு வீடு கழிமுகத்து உவர்நீர்தான், தொழுவம் அல்ல. பழி சாணிக்குப் போனதில் பெயர்க் குழப்பத்துக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். கோழிக் காலரா என்பது வேறொரு பாக்டீரியாவின் வேலை. பன்றிக் காலராவோ வைரஸ். (சாணியில் வேறு கிருமிகள் உண்டு. அது தனி வழக்கு.)

சரி, நோயாளியின் மலமே குவியலுக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும், அச்சம் நியாயமானதுதான். ஆனால் நீரில் சூரனான இந்தக் கிருமி வெளியே பரம நோஞ்சான். உலரவிட்டால் சில மணி நேரத்தில் சாகிறது என்று 1884இல் கல்கத்தாவில் இதை ஆராய்ந்த ராபர்ட் கோக்கே கண்டிருந்தார். நம் வயிற்று அமிலத்துக்கே பெரும்பகுதி பலியாகிவிடும். முறையாகக் கூட்டிய குவியலின் உள்ளே 50 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். அந்தச் சூடு ஒரு வாரமாவது நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி. இத்தனை கண்டிப்பு காலராவுக்காகத் தேவைப்படுவதைவிட, மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் உருளைப்புழு முட்டைகளுக்காகவே அதிகம் தேவைப்படுகிறது.

கிளறாமல் போட்டால் ஓரங்கள் சூடேறாது. அதை அள்ளி மறுவாரமே கீரைப்பாத்தியில் இடுபவரிடம் எதிர்த்தரப்பு சண்டைக்குப் போகட்டும். நானும் கூட வருகிறேன்.

ஹெய்ட்டியைப் பாருங்கள். 2010 அக்டோபரில் அங்கே வெடித்த காலராவில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சுமார் பத்தாயிரம் பேர் மாண்டனர். மிரபலே அருகே ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஓடையில் கலந்து, அங்கிருந்து ஆர்ட்டிபோனிட் ஆற்றுக்குப் போனது. மக்கள் அந்த ஆற்றுநீரைக் குடித்தார்கள். கலந்தது மக்கிய உரம் அல்ல, பச்சை மலம். அதே நாட்டில் 2006இல் தொடங்கிய 'சாயில்' என்ற அமைப்பு, கழிப்பறை வாளிகளில் சேர்ந்த மலத்தை மக்கவைத்து உரமாக்கும் வேலையைக் காலராக் காலத்திலும் விடாமல் செய்துவந்தது.