சுவரும் சித்திரமும்



'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்பது நம் முன்னோர் மொழி. துயருற்ற பிள்ளைகளுக்கு ஓவியமும் இசையும் கற்பிக்கப் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்டால், பலரும் இப்பழமொழியையே பதிலாகச் சொல்கின்றனர். முதலில் சோறு, அடுத்துப் புத்தகம், மிஞ்சினால் வர்ணம் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கைத் திருத்த வேண்டும் என்பது என் கருத்து.

நம் மடவார் வளாகத்திலிருந்து சிவகாசி எட்டாத தூரமன்று. பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளும் நமக்குப் புதியவை அல்ல. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த ஒரே விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் பல உயிர்கள் பலியாயின. காலையில் தூக்குச்சட்டியோடு வேலைக்குப் போன தாயோ தந்தையோ மாலையில் திரும்பாத வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனை!

2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த தமிழக முதலமைச்சர், இவ்விபத்துகளில் இறந்தோருடைய பிள்ளைகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என அறிவித்தார். முதற்கட்டமாக 5 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டது. போற்ற வேண்டிய செயல் இது. ஆனால் கட்டணம் கட்டிய பிறகும் வாய் திறவாமல் கடைசி பெஞ்சில் அமர்ந்திருக்கும் சிறுமிக்கு யார் உதவுவது? தீபாவளி வெடிச்சத்தம் கேட்டதும் நடுங்கும் சிறுவனுக்கு எந்தப் புத்தகம் ஆறுதல் தரும்?

வாய் சொல்லத் தயங்குவதைக் கை சொல்லும். இதனை உலகம் முன்பே கண்டிருக்கிறது. ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் யூத ஓவியர், 1942 முதல் 1944 வரை நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைபட்ட சிறுவர் சிறுமியருக்கு ஓவியம் கற்பித்தார். பிறகு அவரும் அப்பிள்ளைகளில் மிகப் பலரும் கொல்லப்பட்டனர். அவர்கள் வரைந்த 4,000-க்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் பிராக் நகர யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. பசியும் அச்சமும் சூழ்ந்த அவ்விடத்தில் சுவர் ஏது? ஆயினும் சித்திரம் இருந்தது.

அவ்வளவு தொலைவு போவானேன்? திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா 1990-இல் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தைப் பாருங்கள். படிப்பு நின்றுபோன தலித் இளம்பெண்களுக்கு அங்கே பறை கற்பிக்கிறார்கள். இழவுக்குரியது என்று இகழப்பட்ட கருவி, ஆண்களே அடித்துவந்த கருவி, அப்பெண்களின் கையில் தன்மானத்தின் குரலாக ஒலிக்கிறது.

சட்டமும் இதற்குத் தடையாக இல்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 53-ஆம் பிரிவில், இல்லங்களில் வாழும் குழந்தைகளுக்கு மனநல ஆலோசனையையும் பண்பாட்டு நிகழ்ச்சிகளையும் மறுவாழ்வுப் பணிகளில் சேர்த்துள்ளது. ஏட்டில் இருப்பதை நடத்திக் காட்டப் பணம் வேண்டும். ஆண்டுக்கொரு நாள் போட்டி வைத்துப் பரிசு கொடுப்பதால் மனப்புண் ஆறாது. வாரந்தோறும் வரும் கலை ஆசிரியை வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். உடனிருந்து வழிகாட்ட மனநலப் பயிற்சி பெற்றவர் வேண்டும். பிள்ளையின் படத்துக்கு மதிப்பெண் கூடாது. அதை விழா மேடையில் காட்டி நன்கொடை திரட்டுவதும் கூடாது. அத்துயரம் அப்பிள்ளைக்கே உரியது.

ஆகவே, இத்தகைய பிள்ளைகளின் கல்விக்கு அரசும் ஆலை உரிமையாளரும் அறநிலையங்களும் 100 ரூபாய் ஒதுக்கினால், அதில் 5 ரூபாயையாவது கலைக்கென நிலையாக ஒதுக்கட்டும். காகிதமும் வர்ணமும் பறையும் கோடி ரூபாய்ப் பொருள்கள் அல்லவே!

தோழியரே! நாளை நம்மில் சிலர் ஆசிரியை ஆவோம். சிலர் அதிகாரி ஆவோம். நிதி ஒதுக்கும் பேனா நம் கைக்கும் வரும். பிள்ளையின் உள்ளமும் ஒரு சுவர்தான். இடிந்த அச்சுவரைச் சித்திரமே தாங்கி நிறுத்துவதும் உண்டு என்பதை அன்று மறவாதிருப்போமாக!