கடன்பட்டுத் தமிழ் படிப்பதா?

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த கையோடு, தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு வினா எழுகின்றது. ‘தமிழ் படித்தால் என்ன வரும்?’ என்பதே அது. தமிழிலக்கியம் பயில விரும்பும் பிள்ளையை நோக்கிப் பெற்றோர் கேட்கும் இவ்வினாவை, மொழிப்பற்றின்மை என்று இகழ்ந்து தள்ளுவார் நம்முள்ளும் உளர். அவ்வாறு தள்ளுதல் தவறு. உழுதும் நெய்தும் கூலிக்கு உழைத்தும் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்புவரை ஏற்றிவிட்டவர்க்கு, இனி ஆகும் செலவு எவ்வளவு, அதன்பின் வரும் வரவு எவ்வளவு என்று கேட்க முழுவுரிமை உண்டு. அவர்க்கு நாம் தரவேண்டியது வீரவுரை அன்று, கணக்கு.

அக்கணக்கைப் பார்ப்போம். தன்நிதிக் கல்லூரி ஒன்றில் இளங்கலைத் தமிழ் படிக்க, ஆண்டுக்கு 50,000 உருபா வீதம் மூன்றாண்டுக்கு 1,50,000 உருபாவை ஒருவன் வைப்பகத்திற் கல்விக்கடனாகப் பெறுகின்றான் என்று கொள்வோம். நான்கு இலக்கம் வரையிலான கல்விக்கடனுக்கு ஈடு கேட்பதில்லை; படிக்குங் காலத்திலும், அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை. ஆகலின், கடன் கடனாகவே தோன்றாது. ஆனால், வட்டி உறங்குவதில்லை. நூற்றுக்குப் பத்து வட்டி என்றாலும், நான்காம் ஆண்டின் இறுதியில் 1,95,000 உருபா அவன் தலைமேல் நிற்கும். அதனை ஐந்தாண்டில் அடைக்கத் திங்கள்தோறும் ஏறத்தாழ 4,140 உருபா கட்டவேண்டும். அடைத்து முடிக்கையில், வாங்கிய ஒன்றரை இலக்கம் ஏறத்தாழ இரண்டரை இலக்கமாகியிருக்கும்.

இனி, வரவைப் பார்ப்போம். சிறுநகரத் தனியார் பள்ளியொன்றில் திங்களுக்குப் பன்னிரண்டாயிரம் பெறும் தமிழாசிரியன், அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வைப்பகத்திற்கே கொடுத்துவிட்டு, எஞ்சியதில் எங்ஙன் வாழ்வான்? மேலும் படித்து முனைவர் பட்டம் பெற்றவன் நிலையேனும் உயர்ந்ததா? மதிப்புறு விரிவுரையாளர்க்குத் திங்களுக்கு 50,000 உருபா வரை தரலாம் என்று பல்கலைக்கழக நல்கைக் குழு 2019இல் வரையறுத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழக அரசு தன் கல்லூரிகளில் தந்த தொகையோ அதிற் பாதியைத் தாண்டவில்லை.

எனவே, நாம் ஒளிவின்றிச் சொல்கின்றோம்: தமிழ் படியுங்கள், ஆனால் கடன்பட்டுப் படியாதீர்கள். அரசு கலைக்கல்லூரிகள் மாவட்டந்தோறும் உள்ளன. அவற்றிற் கட்டணம் மிகச் சிறிது. அரசுப்பள்ளியிற் பயின்று கல்லூரி புகுந்த பெண்மக்கட்கு 2022இலும், ஆண்மக்கட்கு 2024இலும், திங்களுக்கு 1,000 உருபா தரும் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. தாளுக்கும் பேருந்துக்கும் அது போதும். அதே பட்டத்தைத் தன்நிதிக் கல்லூரியின் பளபளப்புக்காகக் கடன்பட்டு வாங்குதல் அறிவுடைமை ஆகாது.

வரவுப் பக்கத்திலும் அறிய வேண்டுவன சில உள. அரசுப்பணி நேரடி அமர்த்தங்களில் தமிழ்வழியிற் படித்தோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் இயற்றப்பெற்றது. அரசுப்பணித் தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயம் என்றும், அதில் 40 விழுக்காடேனும் பெறாதவன் தேறான் என்றும் 2021இல் ஆணை பிறந்தது. தமிழை ஆழப் பயின்றவனுக்கு இவை திறந்த வாயில்கள். ஆயினும் ஒன்றைக் கருதல் வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பெற்றது. கல்லூரிப் படிப்பு மட்டுமின்றிப் பள்ளிப் படிப்பும் தமிழ்வழியே அமைந்தவர்க்குத்தான் அம்முன்னுரிமை உரியது. மேடையிலே தமிழும் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலவழிப் பள்ளியுமாக வாழும் அன்பர்கள் இதனை ஊன்றிப் படிக்க. ஊரார் பிள்ளையைத் தமிழ் படிக்கச் சொல்லித் தம் பிள்ளையை ஆங்கிலத்திற்கு ஒப்புவிப்பவர், தமிழுக்கு மட்டுமன்றித் தம் பிள்ளைக்கும் கேடு செய்கின்றார்.

இனி, அடிப்படைக்கு வருவோம். தமிழ்ப் பட்டத்திற்கு ஊதியம் குறைவது தமிழின் குறையா? அன்று. எம்மொழி அலுவலகத்திலும் வழக்குமன்றத்திலும் ஆய்வுக்கூடத்திலும் ஆள்கின்றதோ, அம்மொழியறிவுக்கே சந்தையில் விலை உண்டு. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. சென்னை உயர் வழக்குமன்றத்திலும் தமிழ் வழங்கவேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. நடுவணரசு அதனை ஏற்கவில்லை. அங்குத் தமிழ் வழங்கியிருப்பின், எத்தனை மொழிபெயர்ப்பாளர், எத்தனை சட்டத்தமிழ் வல்லுநர், எத்தனை சொல்லாக்க அறிஞர் வேண்டப்பட்டிருப்பர்! தமிழுக்கு இடம் மறுக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும், தமிழ் படித்த ஒருவனின் சோறு மறுக்கப்படுகின்றது. மொழியுரிமைப் போராட்டம் வயிற்றுப் போராட்டமும் ஆகும் என்பதை இனியேனும் உணர்க.

தமிழறிஞர் வறுமையைப் பெருமையாகப் பேசும் பழக்கமும் ஒழிதல் வேண்டும். மொழிஞாயிறு பாவாணர் 1961இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக 1974இல்தான் அமர்த்தப்பெற்றார். இடைப்பட்ட 13 ஆண்டுகள் அவர்க்கு நிலையான பதவி இல்லை. அகரமுதலிப் பணியை முடிக்குமுன்னரே 1981இல் மறைந்தார். 1961இலேயே அப்பணி அவர் கையிற் கொடுக்கப்பெற்றிருப்பின் தமிழ் அடைந்திருக்கும் பயன் எவ்வளவு! அவர் பட்ட வறுமை அவர்க்கு அணியன்று. தமிழர்க்கு இழப்பு, நமக்குப் பழி. இன்னொரு தலைமுறைத் தமிழ் மாணவரைக் கடனாளியாக்கி, அவர்தம் ஈகத்தைப் பாராட்டிப் பா எழுதிக் கொண்டிருத்தல் நமக்கு அடாது.

ஆகவே, நம் அன்பர்கள் செயத்தக்கது இது. உங்கள் ஊரில் தமிழ் படிக்க விரும்பும் ஏழைப் பிள்ளை ஒருவனையோ ஒருத்தியையோ கண்டறியுங்கள். அருகிலுள்ள அரசு கல்லூரியிற் சேர்த்துவிடுங்கள். தேர்வுக் கட்டணமும் நூல்விலையும் நான்கு பேர் பகிர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். பள்ளி நடத்துவோர் நம்முள் இருப்பின், தமிழாசிரியர்க்கு ஆங்கில ஆசிரியர்க்கு ஒப்ப ஊதியம் தருக. ‘தமிழ் படித்தால் என்ன வரும்?’ என்னும் வினாவுக்கு நம் வாய் தரும் விடை வேண்டா. நம் கை தரும் விடையே வேண்டும்.