பூட்டி வைத்தால் கார் பிழைக்காது: மலையகத்தில் எழும் ஒரு பணக்காரக் கேள்வி

ஏப்ரல் பிறந்ததும் நுவரெலியா வேறு ஊராகிவிடும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகறி வாவியைச் சுற்றி வாகன நெரிசல் என வசந்தகாலம் களைகட்டும். ஆண்டு முழுவதும் கொட்டகைக்குள் துணி போர்த்தி நிற்கும் சில கார்கள் அந்த நாட்களில்தான் வெளியே வருகின்றன. மொரிஸ் மைனர், ஒஸ்டின், முதற்தலைமுறை லேண்ட் ரோவர், ஒன்றிரண்டு ஜகுவார். அவற்றின் உரிமையாளர்களிடையே ஓயாத விவாதம் ஒன்று உண்டு. அரிதான காரை ஓட்டி அனுபவிப்பதா, அல்லது ஒரு கீறலும் விழாமல் பூட்டிவைத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதா?

போரையும் இடப்பெயர்வையும் கண்ட நமக்கு இது வேலையற்றவர்களின் கேள்வியாகத் தோன்றலாம். நாளொன்றுக்கு 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் என்பதையே 2024 செப்டெம்பர் வரை போராடிப் பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு இதில் என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். வடக்கில் பிறந்து, தொழில் நிமித்தம் ஹட்டனில் சில ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் நான் வேறுவிதமாக நினைக்கிறேன். ஒரு பொருளைப் பயன்படுத்துவதா பாதுகாப்பதா என்ற கேள்விக்கு இந்தத் தீவில் அதிக அனுபவத்தோடு பதில் சொல்லக்கூடியவர்கள் நாம்தான்.

முதலில் வெளியுலகத்தைப் பார்ப்போம். மக்லாரன் எஃப்1 என்ற கார் 1990களில் மொத்தம் 106 மட்டுமே தயாரிக்கப்பட்டது. அதில் ஒன்றை வாங்கியவர் மிஸ்டர் பீனாக நாமறிந்த நடிகர் ரோவன் அட்கின்சன். அவர் அதைப் பூட்டிவைக்கவில்லை. கடைக்குப் போவதற்கும் ஓட்டினார். இருமுறை விபத்துக்குள்ளாக்கினார். 2011 விபத்துக்குப் பின்னரான திருத்தச் செலவு மட்டும் 9 இலட்சம் பவுண்களைத் தாண்டியது. ஏறத்தாழ 66,000 கிலோமீற்றர் ஓடிய அந்தக் கார் 2015இல் 8 மில்லியன் பவுண்களுக்கு விலைபோனது. அதே வகைக் கார் இன்னொன்று, கால் நூற்றாண்டில் 400 கிலோமீற்றர்கூட ஓடாதது, 2021இல் அமெரிக்காவில் 20 மில்லியன் டொலருக்கு மேல் ஏலம் போனது.

பணக்கணக்கு மட்டும் பார்த்தால் பூட்டிவைத்தவரே வென்றார். ஆனால் அந்தக் காரை ஓட்டினால் எப்படியிருக்கும் என்று சொல்லத் தெரிந்தவர் அட்கின்சன்தான். மற்றையவரிடம் இருந்தது கார் வடிவிலான வங்கி வைப்பு.

இலங்கையில் இந்த விவாதத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. பிற நாடுகளில் 'வரையறுக்கப்பட்ட எண்ணிக்கை' என்பதைத் தீர்மானிப்பவர் உற்பத்தியாளர். உதாரணமாக, மொரிஸ் மைனர் ஒரு மில்லியனைத் தொட்டபோது, அதைக் கொண்டாட இளம் ஊதா நிறத்தில் சுமார் 350 கார்களை மட்டும் வெளியிட்டார்கள். இங்கே அதைத் தீர்மானிப்பது வர்த்தமானி அறிவித்தல். 1970 முதல் 1977 வரையான மூடிய பொருளாதாரக் காலத்தில் புதிய கார் என்பது பலருக்குக் கனவு. இருந்ததைத் திருத்தித் திருத்தியே ஓட்டினார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் தீர்ந்தது, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது, பின்னர் கியூஆர் முறையில் பங்கீடு வந்தது. தனியார் கார்களுக்கான கதவு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் திறந்தது, அதுவும் விலையைப் பல மடங்காக்கும் வரிகளோடு.

இந்த ஐந்து ஆண்டுகளில், நாட்டிலிருந்த சாதாரண ஜப்பானியக் கார்கூட அரும்பொருளானது. வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு அதை விற்றார்கள். ரூபாவின் பெறுமதி கரைந்தபோது, கையில் காசு வைத்திருந்தவர்கள் அதைக் கார்களில் ஒளித்துவைத்தார்கள். ஓட்டுவதற்காக அல்ல, விலையேறும் என்பதற்காக வாங்கினார்கள். ஆக, கொட்டகையில் பூட்டப்பட்ட கார்களை எல்லாம் பழைமைமீதான காதலின் அடையாளமாகக் கொள்ள முடியாது. பல கார்கள், நாணயத்தின்மீது நம்பிக்கை இழந்த ஒரு நாட்டின் அடையாளங்கள். 2025இல் ஜனாதிபதி செயலகம் தன்னிடமிருந்த சொகுசு வாகனங்களை ஏலத்தில் விற்றதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மக்கள் வரிசையில் நின்ற நாட்டில், அரசிடமும் தேவைக்கு மிஞ்சிய வாகனங்கள் இருந்தன.

சரி, காருக்கு எது நல்லது? 1,800 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கும் நுவரெலியா இதற்குத் தெளிவான விடையைத் தருகிறது. அங்கே பனிமூட்டம் கொட்டகைக்குள்ளும் நுழையும். ஓடாத காரின் தகட்டில் ஈரம் தங்கித் துருவாகும். நாள்பட்ட பெற்றோல் பிசினாகப் படிந்து காபுரேற்றரின் சிறு துவாரங்களை அடைக்கும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சிக் குழாய்களை உள்ளிருந்து அரிக்கும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். ஒரே இடத்தில் நிற்கும் டயர் ஒருபக்கம் தட்டையாகும். பற்றரி செத்துப்போகும். ஒயில் வழிந்திறங்கிய சிலிண்டர் சுவரில் துரு பிடித்தால் எஞ்சின் இறுகிவிடும். குளிரூட்டி, ஈரம் நீக்கி, ஆள் வைத்துப் பராமரிக்கப் பணம் இருப்பவரால் மட்டுமே ஒரு காரை ஓட்டாமல் பாதுகாக்க முடியும். மற்றவர்களுக்கு, மாதத்தில் இரண்டு தடவையாவது எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுவதே மலிவான பாதுகாப்பு.

இதை யாழ்ப்பாணத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருளானபோது, குடாநாட்டின் பழைய ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த அந்தக்கால எஞ்சின்கள் அதைத் தாங்கின. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் கீழிறங்கி ஒயிலைக் கெடுக்கும், வால்வுகளில் கரி படியும். அதனால் அடிக்கடி ஒயில் மாற்றி, தலையைக் கழற்றிக் கரி சுரண்டி, மீண்டும் பூட்டினார்கள். கல்யாணப் பெண்ணும் பிரசவ வலியில் துடித்தவளும் காயப்பட்டவரும் அந்தப் புகை நாற்றத்துக்குள் அமர்ந்தே போனார்கள். அந்தக் கார்களை யாரும் 'பாரம்பரியச் சின்னம்' என்று அழைக்கவில்லை. அவை பிழைத்தது, அவை தேவைப்பட்டதால்.

தென்னிலங்கையிலும் இதற்கு ஒத்த கதை உண்டு. பிரித்தானியாவில் உற்பத்தி எப்போதோ நின்றுபோன மொரிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள், 1990களில் இலங்கையில் கைவினைஞர்களால் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாகின. இங்கே அந்தக் கார்கள் இன்னும் வீதியில் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அவற்றைச் செய்யத் தெரிந்த கைகளும் இருந்தன. எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தால் அந்தத் தொழிலறிவு ஒரு தலைமுறையோடு அழிந்திருக்கும். கார் மிஞ்சி, அதைத் திருத்தத் தெரிந்தவர் மிஞ்சாவிட்டால் என்ன பயன்?

மறுபக்க வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு வகையில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது, அதன் மூல வண்ணமும் இருக்கைத் தோலும் அப்படியே இருக்கின்றன என்றால், அது ஓர் ஆவணம். ஆவணத்தை மழையில் நனைக்க முடியாது. அத்தகைய ஒன்றை அருங்காட்சியகத்தில் நிறுத்தி, எல்லோரும் பார்க்க வைப்பது சரி. நான் எதிர்ப்பது, யாரும் ஓட்டாமல், யாரும் பார்க்காமல், விலைக்காக மட்டும் இருட்டில் வைத்திருப்பதை.

ஓட்டுவதிலும் எல்லை உண்டு. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில், ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேரைக் கொன்றது. அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. ஓட்டுபவரின் இன்பத்துக்காக ஓரத்தில் நிற்பவர் உயிரை விலையாகக் கொடுக்கக் கூடாது. பழைய கார்களில் இந்த அபாயம் இன்னும் கூட. பலவற்றில் இருக்கைப் பட்டி இல்லை, அவற்றின் பிரேக்குகள் இன்றைய வேகத்துக்கு ஏற்றவையும் அல்ல. மலைப்பாதை வளைவில், பாடசாலை விட்டுப் பிள்ளைகள் நடந்துவரும் நேரத்தில் அவற்றை விரட்டுவது அனுபவிப்பதாகாது.

இங்கேதான் மலையகத்துக்கே உரிய கேள்வி வருகிறது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய மோட்டார் பந்தயங்களில் ஒன்று அது. தலவாக்கலைப் பக்கமுள்ள ரதல்லையிலும் இத்தகைய பந்தயம் நடக்கிறது. இரண்டும் தேயிலைத் தோட்டங்களின் பெயர்கள். இந்த மலைகளில் காட்டை வெட்டி, கல் உடைத்துப் பாதை போட்டவர்கள், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மக்கள். அந்தப் பாதைகளில் துரைமாரின் கார்கள் ஏறின. தொழிலாளி நடந்தார், அல்லது லொறியின் பின்னால் நின்றார். இன்றும் பல தோட்டங்களில் நோயாளியையும் கர்ப்பிணியையும் குண்டும் குழியுமான பாதையில் தோட்டத்து லொறியில் ஏற்றிச் செல்லும் நிலை முற்றாக மாறவில்லை.

எதைப் பாதுகாக்கிறோம், எதைத் தேயும்வரை பயன்படுத்துகிறோம் என்பதில் ஓர் ஒழுங்கு இருப்பதை நான் ஹட்டனில்தான் கண்டேன். துரையின் பங்களா புதுப்பிக்கப்பட்டுச் சொகுசு விடுதியாகிறது. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை நட்சத்திர ஹோட்டலாகிவிட்டது. துரையின் கார் மெருகேற்றப்பட்டுக் கண்காட்சிக்கு வருகிறது. தொழிலாளியின் லயன் அறை மட்டும் பாதுகாக்கப்படவும் இல்லை, மாற்றப்படவும் இல்லை. அதில் மக்கள் இன்னும் வாழ்கிறார்கள். 2023இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோம். அந்த 200 ஆண்டுகளில் மலையக மக்கள் ஏறிய வாகனம் எதுவும் பாதுகாக்க வேண்டிய பொருளாகக் கருதப்பட்டதை நான் பார்த்ததில்லை.

வன்னியிலும் அப்படித்தான். 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்களும், அங்கேயே பிறந்தவர்களும், 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தங்கள் வாகனங்களை விட்டுவிட்டு உயிரோடு மட்டும் வெளியேறினார்கள். உழவு இயந்திரங்கள், மோட்டார் சைக்கிள்கள், கார்கள், எண்ணற்ற சைக்கிள்கள். அவை துருப்பிடித்துக் குவிந்து கிடந்ததை நம்மில் பலர் கண்டோம். பெரும்பகுதி பழைய இரும்பாகிப் போனது. ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டு உழைப்பு, நிறைக்கு இத்தனை ரூபா என்று போயிற்று. ஓட்டுவதா பாதுகாப்பதா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அப்படித் தெரிவு செய்ய முடிவதே ஒரு சலுகை என்பது நமக்குத் தெரியும்.

எனவே அரிய கார்களை வைத்திருப்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஓட்டுங்கள். ஆனால் நிதானமாக, முறையான காப்புறுதியோடும் நல்ல பிரேக்கோடும் ஓட்டுங்கள். பந்தயம் என்றால், பார்வையாளர் நிற்கும் இடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையில் தடுப்பு இல்லாமல் தொடங்க வேண்டாம். பந்தயத்துக்காகத் தோட்டப் பாதையை ஒரு நாள் மூடினால், அந்த வருமானத்தில் ஒரு பங்கு அதே தோட்டத்தின் லயன் பாதைக்குப் போகட்டும். உங்கள் காரைத் திருத்தும் கராஜில் தோட்டத்து இளைஞர் இருவரைச் சேர்த்து, காபுரேற்றரும் தகட்டு வேலையும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். கொழும்புக் கடைகளில் கூலி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது ஊரிலேயே ஒரு தொழிலாகும். உங்கள் காருக்கும் இன்னொரு தலைமுறை கிடைக்கும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சாரதிகளும், அவற்றைத் திருத்திய மெக்கானிக்குகளும், தோட்டத்து லொறிச் சாரதிகளும் முதுமையடைந்துவிட்டார்கள். அந்த எஞ்சினை எப்படிக் கிளப்பினார்கள், எந்தப் பாதையில் யாரை ஏற்றிப் போனார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே பதிவுசெய்ய ஒரு கைத்தொலைபேசி போதும். காருக்கு உதிரிப்பாகம் என்றாவது செய்துகொள்ளலாம். இவர்களின் நினைவுக்கு உதிரிப்பாகம் கிடையாது.