கேட்டில் நிற்பவரைக் கேளுங்கள்

மாலை ஆறு மணிக்குக் குயிலாப்பாளையம் கடைத்தெருவில் இரண்டு கூட்டம் எதிரெதிராகப் போகும். ஆரோவில்லில் வேலை முடித்து வீடு திரும்புகிறவர்கள் ஒரு பக்கம். நீலச் சட்டை போட்டு, வண்டியில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு நைட் டூட்டிக்குக் கிளம்புகிறவர்கள் மறுபக்கம். சேதராப்பட்டு கம்பெனிகள், கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகள், விருந்தினர் இல்லங்கள், புதுச்சேரி நகைக்கடைகள் என்று ஆளுக்கொரு கேட் இருக்கிறது. அவர்களில் பிளஸ் டூ முடித்தவர்கள் உண்டு, டிப்ளமோ முடித்தவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், நீங்க பாக்குற வேலைக்கு நாங்க வரணும்னா என்ன படிக்கணும்?"

நான் பார்ப்பது பாதுகாப்பு ஆலோசனை. கம்பெனிக்காரர்கள் ‘செக்யூரிட்டி ஆடிட்’ என்பார்கள். ஓர் இடத்தைப் பகலிலும் இரவிலும் சுற்றிப் பார்த்து, சுவர், பூட்டு, விளக்கு, கேமரா, காவலுக்கு நிற்கும் ஆள் இவற்றில் எது பலம், எது பலவீனம் என்று உரிமையாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குப் படிப்பு தேவைதான். அதை எங்கே, எப்படிப் படிப்பது என்று பின்னால் சொல்கிறேன். ஆனால் ஓர் இரவு முழுக்கக் கேட்டில் நின்றவன் இந்தத் தொழிலின் பாதியை ஏற்கெனவே கற்றுவிட்டான். இதைத்தான் அந்தப் பிள்ளைகளிடம் சொல்கிறேன். இதை நம்பித்தான் என் தொழிலையும் நடத்துகிறேன்.

2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய ரயிலை நினைத்துப் பாருங்கள். வங்கிகளின் பழைய நோட்டுகள் 342 கோடி ரூபாய் ரிசர்வ் வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தன. பெட்டி பூட்டி முத்திரை வைக்கப்பட்டிருந்தது. துப்பாக்கியோடு போலீஸ்காரர்கள் அடுத்த பெட்டியிலேயே இருந்தார்கள். எழும்பூரில் திறந்து பார்த்தபோது கூரையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. போனது சுமார் 5.78 கோடி. சேலத்திலிருந்து விருத்தாசலம் வரை அன்றைக்கு மின்பாதை கிடையாது, டீசல் என்ஜின்தான். தலைக்கு மேலே மின்கம்பி இல்லாத அந்தத் தடத்தில்தான் கூரைமேல் உட்கார்ந்து தகட்டை அறுக்க முடியும். திருடர்கள் அதைக் கவனித்திருந்தார்கள். சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே வேலை முடிந்தது என்று சிபிசிஐடி கண்டறிந்து, மத்தியப் பிரதேசக் கும்பலைக் கைது செய்ய 2018 ஆகிவிட்டது.

2019 அக்டோபர் 2 விடியற்காலையில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தருகே உள்ள லலிதா ஜுவல்லரியிலும் இதே பாடம்தான். முன்வாசலில் காவலுக்கு ஆள் இருந்தது. பின்பக்கச் சுவரில் துளை போட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு இருவர் உள்ளே போனார்கள். மோப்ப நாயை ஏமாற்ற மிளகாய்ப் பொடி தூவினார்கள். போன நகையின் மதிப்பு சுமார் 13 கோடி ரூபாய்.

இரண்டு இடத்திலும் ஆட்கள் இருந்தார்கள், பூட்டும் இருந்தது. இல்லாதிருந்தது, தினமும் அந்த இடத்தைச் சுற்றி வந்து "இந்தப் பக்கம் யாரும் பார்ப்பதில்லையே" என்று சொல்லக்கூடிய ஒரு ஆளும், அதைக் காது கொடுத்துக் கேட்கும் ஒரு அதிகாரியும்தான். கூரையும் பின்சுவரும் வரைபடத்தில் வெறும் கோடுகள். நடந்து பார்த்தவனுக்குத்தான் அவை இரண்டும் வாசல் என்று தெரியும்.

கடற்கரைச் சாலை ஓரத்து ரிசார்ட் ஒன்றுக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். மேனேஜர் கணினித் திரையில் கேமராக்களை வரிசையாகக் காட்டினார். எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. இரவு ஒன்றரை மணிக்குப் பின்கேட்டுக்குப் போனேன். அறுபதை ஒட்டிய ஒருவர் நின்றிருந்தார். "அண்ணே, இந்தக் கேட்டுல உங்களுக்கு எது கவலை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பூட்டைப் பிடித்து லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது. "அஞ்சு மணிக்குத் தண்ணி லாரி வரும் சார். சாவி ஆபீஸ்ல இருக்கு, ஆபீஸ் எட்டுக்குத்தான் தொறப்பாங்க. அதனால சும்மா மாட்டித்தான் வைப்போம். மேஸ்திரிக்குத் தெரியும், லாரிக்காரனுக்குத் தெரியும், கேன்டீன் பையனுக்குத் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இது வரைக்கும் யாரும் கேக்கல சார்" என்றார்.

மறுநாள் நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் முதல் வரி அந்தப் பூட்டைப் பற்றியதுதான். தண்ணீர் லாரி வரும் நேரத்துக்கு ஒரு சாவியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவுக் காவலரிடம் கொடுங்கள் என்று எழுதினேன். செலவு ஒரு நோட்டுப் புத்தகம். இரண்டாவது வரி, அந்தப் பெரியவர் அன்று காலை எட்டு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார் என்பது. ரிலீவர் வரவில்லை, டபுள் டூட்டி. உட்கார நாற்காலியும் கிடையாது. பதினேழு மணி நேரம் விழித்திருக்கும் கண்ணுக்கு எதிரே எத்தனை கேமரா மாட்டி என்ன?

சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. மத்திய அரசின் 2006 மாதிரி விதிகள் காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்றன. பதினைந்து காவலருக்கு ஒரு சூப்பர்வைசராவது இருக்க வேண்டும் என்றன. ஆய்வுக்குப் போகும் ஆலோசகர் இந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்து எட்டு மணி நேரக் கூலி கொடுக்கும் இடத்தில் பாதுகாப்பு இல்லை என்று தயங்காமல் எழுத வேண்டும். 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட்டில் கொள்ளைக் கும்பல் நுழைந்தபோது உயிரை விட்டது கேட்டில் நின்ற காவலாளிதான். ஆபத்து முதலில் தொடும் உடம்பு அவருடையது. திட்டம் போடும் மேசையில் அவருக்கு ஓர் இடம் கேட்பது சலுகை ஆகாது.

எதைக் காப்பது, எதனிடமிருந்து காப்பது என்ற கேள்வியும் இந்த மண்ணிலேயே விளங்கும். இங்கிருந்து வடக்கே மரக்காணம் உப்பளங்களுக்குப் போனால் பாத்திகளைச் சுற்றி மதில் கிடையாது. வெட்ட வெளியில் அம்பாரம் அம்பாரமாக உப்பு கிடக்கும். ஆனால் ஐப்பசி நெருங்கும்போது அவற்றின் மேல் பனையோலை வேய்ந்துவிடுவார்கள், இல்லையென்றால் தார்ப்பாய் போட்டுக் கட்டுவார்கள். ஒரு சீசன் உழைப்பை ஒரே இரவில் கொண்டுபோவது மழை என்று அவர்களுக்குத் தெரியும். அந்தத் தெளிவு பல பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளில் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஐம்பது சென்டிமீட்டரைத் தாண்டி மழை கொட்டியது. அப்படி ஓர் இரவில் தகரக் கேபினில் இருக்கும் காவலர் எங்கே ஒதுங்க வேண்டும், யாருக்கு போன் செய்ய வேண்டும், மின்சாரம் போனால் எந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளும், எது திறக்காது? இந்தக் கடற்கரையில் எழுதப்படும் எந்தப் பாதுகாப்புத் திட்டத்திலும் இதற்கு ஒரு பக்கம் இருக்க வேண்டும்.

கதவைப் பற்றிச் சொல்லும்போது தமிழ்நாடு மறக்கக் கூடாத இரண்டு நாட்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியில், தப்பி ஓடிவிடக் கூடாதென்று சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் போய்விட்டார்கள். உள்ளே வருவதைத் தடுப்பது பாதி வேலை. உள்ளே இருப்பவர் ஓடி வெளியேற வழி விடுவது மீதிப் பாதி. "திருட்டு நடக்குது, பின்வாசலைப் பூட்டிடலாமா?" என்று உரிமையாளர் கேட்டால், தேசியக் கட்டட விதித் தொகுப்பின் நான்காம் பகுதியை எடுத்து வைத்து, முடியாது என்று சொல்லும் துணிவு ஆலோசகருக்கு வேண்டும்.

சரி, அந்தப் பிள்ளைகளுக்கு வருவோம்.

இப்போது டூட்டியில் இருக்கிறீர்கள் என்றால் சொந்தமாக ஒரு நோட்டு வாங்குங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறந்து கிடக்கிறது, யார் எந்தச் சந்தர்ப்பத்தில் விதியை மீறுகிறார்கள், ஏன் மீறுகிறார்கள் என்று எழுதுங்கள். அந்த ‘ஏன்’தான் உங்களை ஆலோசகராக்கும். அந்த நோட்டை யாருக்கும் காட்டாதீர்கள். ஓர் இடத்தின் பலவீனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவனை இந்தத் தொழில் மறுபடி நம்பாது.

அடுத்து, கட்டட வரைபடத்தைப் படிக்கப் பழகுங்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனோடு ஒரு மாதம் சுற்றினால் கேமராவுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதை எங்கே துண்டிக்கலாம் என்பது புரிந்துவிடும். தீயணைப்புப் பயிற்சியும் முதலுதவியும் கற்றுச் சான்றிதழ் வாங்குங்கள். குஜராத்தில் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகம் இருக்கிறது. காவலும் பாதுகாப்பும் அங்கே பட்டப் படிப்பு. அமெரிக்காவில் 1955-இல் தொடங்கிய ஏஎஸ்ஐஎஸ் என்ற அமைப்பு நடத்தும் தேர்வுகளுக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு. பிஎஸ்பி என்ற தேர்வு இந்தத் துறைக்கே உரியது. பல ஆண்டு வேலை அனுபவம் காட்டினால்தான் அதை எழுத விடுவார்கள். கேட்டில் நின்ற ஆண்டுகளிலிருந்து படிப்படியாகப் பொறுப்பு ஏறி வந்தவருக்கு அந்தப் படிவத்தில் எழுத நிறைய இருக்கும்.

தமிழில் தெளிவாக எழுதப் பழகுங்கள். கேட்டில் ஒட்டப்படும் டூட்டி உத்தரவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் இருக்கின்றன. அதைத் தமிழில், இந்தி பேசும் காவலர் இருந்தால் இந்தியிலும், ஒரே பக்கமாக, பெரிய எழுத்தில் ஆக்கிக் கொடுங்கள். நான் செய்த வேலைகளில் இதைவிடப் பலன் தந்தது எதுவுமில்லை.

கமிஷன் வாங்காதீர்கள். இலவசமாக ஆய்வு செய்து தருகிறேன் என்று வருகிறவர் கையில் கேமரா விலைப்பட்டியலும் இருக்கும். ஆய்வுக்குக் கூலி வாங்குங்கள், பொருள் விற்பனையில் பங்கு கேட்காதீர்கள். ஆரம்பத்தில் வருமானம் குறையும். ஆனால் "கேமரா வேண்டாம், அந்த வேலிக்காத்தானை வெட்டி ஒரு விளக்கு போடுங்கள்" என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கும்.

கடைசியாக, உங்கள் ஊரைக் கவனியுங்கள். 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கிய ஆரோவில்லைச் சுற்றி முழுதாக ஒரு மதில் இல்லை. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம் என்று ஊர்களும் அதன் நிலங்களும் பின்னிக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் முகம் தெரிந்த மனிதர்கள்தான் முதல் காவல். விடியுமுன் கடலுக்குப் போகிறவர், டீக்கடை அடுப்பு மூட்டுகிறவர், பால்காரர் எல்லோரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தெருவின் பாதுகாப்பு அதைப் பார்க்கும் கண்களில் இருக்கிறது என்று 1961-இலேயே ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களை வைத்து எழுதினார். அந்தக் கண்களோடு பகைத்துக்கொண்டு கட்டும் மதில் எவ்வளவு உயரமானாலும் பயனில்லை.

உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை ஆலோசகரை அழைக்கும்போது, இரவுக் காவலரோடு எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று முதலில் கேளுங்கள். பேசவில்லை என்றால் அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். பேசியிருந்தால், அந்தக் காவலர் சொன்னதைச் சரிசெய்யும் செலவையும், அவருடைய டூட்டியை எட்டு மணி நேரமாக்கும் செலவையும் இந்த ஆண்டுக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.