96 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர்

நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

அடுத்த முறை கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் ஆய்வுக்கு வந்தால், பள்ளிச் சமையற்கூடத்தில் கொதிக்கிற தண்ணீரில் ஒரு வெப்பமானியை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 100 டிகிரி காட்டாது. 96-ஐ ஒட்டி நின்றுவிடும். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் முந்திக்கொண்டு கொதிக்கிறது. சமவெளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதை மலைப்பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்கு ஒரு வெப்பமானி வேண்டும். "புத்தகத்தில் 100 என்று இருக்கிறதே?" என்று கேட்டால் அதட்டாத ஆசிரியரும் வேண்டும்.

மலைக்கு அறிவியல் என்றாலே கீழேயிருந்து எதையாவது ஏற்றி அனுப்புவதுதான் நம் வழக்கம். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கருத்தாளர் பள்ளிக்கு வந்து சோதனைகளைச் செய்துகாட்டிவிட்டுப் போகும் அந்த ஏற்பாடு 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி எத்தனை நாள் ஓடும்? மலையிலேயே தங்குகிற ஆய்வகம் வேண்டும்.

பாடப்பொருளுக்கு இங்கே பஞ்சமில்லை. சாமையும் தினையும் விளைந்த காடுகளில் மரவள்ளி ஏறியது. கிழங்கு லாரியில் இறங்கி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. அந்தக் கிழங்கை நறுக்கி ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலம் பூக்கும். மாவுச்சத்துப் பாடம் அங்கேயே முடிந்தது. உரலில் பெண்கள் இடித்த சாமையை இன்று உமி நீக்கும் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. அதன் மூடியைக் கழற்றிக் காட்டினால் மோட்டார், பெல்ட், வேகம் எல்லாம் விளங்கும். கணினி அறையும் வேண்டியதுதான். ஆனால் நெட் வராத நாளில் அது வெறும் திரை.

மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒரு வசதி உண்டு. மாலை மணி அடித்த பிறகும் பிள்ளைகள் அங்கேயேதான் இருக்கிறார்கள். நகரத்துப் பள்ளிக்குக் கிடைக்காத நேரம் அது. 2024-இல் அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்த பச்சைமலை மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி-யில் சேர்ந்தார். அது விதிவிலக்காகவே நின்றுவிடக் கூடாது.

உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத்துறையின் கீழ், மற்றவை பள்ளிக் கல்வித்துறையின் கீழ். இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் வைக்க மாவட்டத்தில் உங்களால்தான் முடியும். செம்மேட்டில் ஆய்வகத்துக்கு ஓர் அறையும் முழுநேரப் பொறுப்பாளர் ஒருவரும் கொடுங்கள். இரு துறைப் பிள்ளைகளும் வரட்டும். உடைகிற சோதனைக்குழாய்க்கு ஆசிரியர் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றும், சாவி பீரோவுக்குள் போகக் கூடாது என்றும் ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.