மரமா குற்றவாளி?

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, கொழும்பு கொள்ளுப்பிட்டியில், டூப்ளிகேஷன் வீதியிற் சென்ற போக்குவரத்துச் சபை பஸ் வண்டியொன்றின் மீது பெருமரமொன்று சாய்ந்தது. ஐவர் மாண்டனர்.

இத்தகைய விபத்துக்கள் நேரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. “இயற்கையின் சீற்றத்துக்கு யார் என்ன செய்யமுடியும்?” என்பது ஒன்று. “வீதியோரத்து முதுமரங்களை யெல்லாம் வெட்டி வீழ்த்துங்கள்” என்பது மற்றையது. முன்னது பழியை வானத்தின் மேல் ஏற்றுகிறது. பின்னது மரத்தின் மேற் சுமத்துகிறது. மண்ணைக் குனிந்து பார்க்க இரண்டுமே மறுக்கின்றன. ஆகவே இரண்டையும் நாம் மறுக்கின்றோம்.

மரம் எதனால் நிற்கிறது? ஆணிவேர் பாதாளம்வரை இறங்கித் தாங்குகிறது என்பது பலரது நம்பிக்கை. உண்மை வேறு. வளர்ந்த மரத்தின் வேர்களிற் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு மீற்றர் ஆழத்துக்குள்ளேயே கிடக்கிறது. பக்கவாட்டிலோ கிளைகளின் நிழலையும் கடந்து பரவுகிறது. காற்று வரும் பக்கத்து வேர்கள் கயிறுகளைப்போல் இழுத்துப் பிடிக்கின்றன; எதிர்ப்பக்கத்து வேர்கள் முட்டுக்கொடுக்கின்றன; வேரோடு பிணைந்த மண்ணின் பாரம் நங்கூரமாகிறது. மரத்தை நிறுத்துவது வேர் மட்டுமன்று, வேரும் மண்ணும் சேர்ந்த கூட்டு.

அக்கூட்டை நகரம் என்ன செய்கிறது? நல்ல மண்ணிற் பாதியளவு வெற்றிடம்; அதிலேதான் காற்றும் நீரும் உலாவுகின்றன. வாகனங்களும் உருளை இயந்திரங்களும் அழுத்த அழுத்த அது ஒடுங்குகிறது. ஒரு கன சென்ரிமீற்றர் உலர்மண் சுமார் 1.6 கிராம் நிறைகொள்ளுமளவுக்கு இறுகிவிட்டால், பல மண்வகைகளில் வேர் புகத் திணறும். போதாததற்கு மேலே தாரும் கொங்கிறீற்றும். குடிநீர்க் குழாய்க்கு ஓர் அகழி, வடிகாலுக்கு ஓர் அகழி, தொலைபேசி வடத்துக்கு இன்னுமோர் அகழி. அடிமரத்தருகே வெட்டப்படும் ஒரேயோர் அகழி ஒரு பக்கத்து வேர்களை முற்றாக அறுத்துவிடக் கூடும். அறுபட்ட இடத்தாற் பூஞ்சணம் புகுந்து வேரை உக்கச் செய்யும். இலைகளோ ஆண்டுக்கணக்கிற் பச்சையாகவே இருக்கும். பின்னர் ஒரு பெருமழை. நீர் நிறைந்த மண் வேரைப் பற்றிநிற்கும் வலிமையை இழக்கிறது. இறுதியாக ஒரு காற்று.

அகழி வெட்டிய கூலித் தொழிலாளியா குற்றவாளி? அல்லன். வேருக்கு ஒரு முழ நிலமும் ஒதுக்காத திட்டங்களிற் கையெழுத்திடுவோரே பொறுப்பாளிகள். வீதிக்கான மதிப்பீட்டிலே தாருக்குக் கணக்குண்டு, கல்லுக்குக் கணக்குண்டு. மரம் நிற்கும் மண்ணுக்கு மட்டும் கணக்கில்லை.

சரி, மரங்களை யெல்லாம் வெட்டிவிட்டால்? வெயிலில் வேகப்போகிறவர் குளிரூட்டிய காரிற் போகிறவரல்லர். பஸ் தரிப்பிற் காத்து நிற்கும் பாடசாலைப் பிள்ளை, நடைபாதை வியாபாரி, வீதி கூட்டும் தொழிலாளி ஆகியோரே. மரம் வீழ்ந்தாலும் மடிபவர் அவர். மரம் அற்றுப்போனாலும் வாடுபவர் அவரே.

எனவே நாம் கேட்பது இது: மரத்தடியில் மண் திறந்திருக்கட்டும். வேர்ப்பரப்பில் அகழி வெட்டாது, அதற்கு அடியாகத் துளைத்துக் குழாய்களைச் செலுத்தட்டும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னர் கிளைகளோடு அடிமரமும் மண்ணும் பரிசோதிக்கப்படட்டும். உக்கிய மரத்தை அகற்றுவதை நாம் எதிர்க்கவில்லை. அவ்விடத்தில் இன்னொன்று, போதிய மண்ணோடு, நடப்படவேண்டும் என்கின்றோம்.

இவற்றில் எதுவும் மனித சக்திக்கு அப்பாற்பட்டதன்று. இவற்றைச் செய்யாமல் விட்டுவிட்டு, அடுத்த மரம் சாயும்போதும் இயற்கையின் மீது பழிபோட எவருக்கும் உரிமை கிடையாது.